சீனியர் தோள்ல ஒரு கை

இருங்க தம்பி, இருங்க இருங்க. அந்தக் கையை இப்பத் தொடாதீங்க. முதல்ல மத்த வேலையெல்லாம் பாருங்க. முகத்து மேல ஒரு மடிப்புக் கோடு ஓடுது பாருங்க, அதை எடுங்க. முப்பது நாளா எங்க சங்கச் செயலாளரோட பைக்குள்ள மடிச்சு வச்சிருந்த போட்டோ, கோடு விழாம என்ன பண்ணும்? நாலு மணிக்குத்தான் எங்க சங்க லைப்ரரியில படத்திறப்பு. இப்ப ஒண்ணேகால். நேரம் கிடக்கு.

தெரியும், சீட்டுல எழுதிக் குடுத்திருக்காங்க. நானும் படிச்சுட்டுத்தான் வந்தேன். இடது பக்கம் நிக்கற பொம்பளையை வெட்டணும். வலது பக்கம் நிக்கற ஆளை வெட்டணும். நடுவுல இருக்கறதுதான் காலமான எங்க சீனியர், அவரு தோள்ல ஒரு கை இருக்கு, அதை எடுக்கணும். அப்புறம் சீனியர் தலைமுடியைக் கொஞ்சம் கருப்பாக்கணும். இந்தக் கடைசி விஷயம் ஒட்டகத்தோட யோசனை. எங்க வக்கீல் சங்கத்துச் செயலாளர். கழுத்து நீளம், அதனால அந்தப் பேரு. தன் தலையில ஒரு முடி கிடையாது, அடுத்தவன் முடின்னா அவருக்கு அவ்வளவு அக்கறை. அதைச் செஞ்சிடாதீங்க. சீனியருக்கு முப்பது வயசுலயே தலை வெளுத்துப் போச்சு. கருப்பாக்கி மாட்டினீங்கன்னா லைப்ரரிக்கு வர்றவங்க இது யாருன்னு கேப்பாங்க.

கை வேணாம்னு எழுதினது அப்ஜெக்‌ஷன். சங்கத் தலைவர். கோர்ட்டுல எதிர்த்தரப்பு வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அப்ஜெக்‌ஷன்னு எழுந்து நிப்பாரு. ஒரு தடவை ஜட்ஜ் தும்மினதுக்கே எழுந்துட்டாரு. சரி, பேரு ஒட்டிக்கிச்சு. படக் கமிட்டியில ஒட்டகம், அப்ஜெக்‌ஷன், நான், மூணே பேரு. மூணு பேருமே சீனியர் ஆபீஸ்ல குப்பை கொட்டினவங்கதான். கையை எடுக்கணும்னு ரெண்டு ஓட்டு, இருக்கட்டும்னு ஒரு ஓட்டு. அந்த ஒரு ஓட்டு நான்தான். தோத்துட்டேன். அதான் சொல்றேன், கையைக் கடைசியில பாத்துக்கலாம்.

வேற போட்டோ இல்லையான்னா கேக்கறீங்க? நாப்பத்தோரு வருஷம் வக்கீலா இருந்த மனுஷன், மொத்தமே மூணு போட்டோதான். ஒண்ணு அடையாள அட்டையில இருக்கறது. அதைப் பாத்தா அவரு வக்கீல்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, அவருக்கு உடனே ஒரு வக்கீலைப் பிடிங்கன்னுதான் சொல்வாங்க. ரெண்டாவது, சங்கத்துல எடுத்த குரூப் போட்டோ. நாப்பது பேரு சிரிச்சுட்டு நிக்கறாங்க, இவரு மட்டும் கண்ணை மூடிட்டு நிக்கறாரு. ஒட்டகம் சொல்றாரு, இப்பல்லாம் கண்ணைத் திறந்து வச்சிடலாமாம். யாரு கண்ணை வைப்பீங்கன்னு கேட்டேன். என் கண்ணும் அவரு கண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கும்ன்னாரு. அதோட அந்தப் பேச்சை விட்டுட்டோம். மூணாவது இதுதான். எப்படிச் சிரிக்கறாரு பாருங்க, வாய் கொள்ளாம! அவருக்குக் கடைவாயில ஒரு பல்லு இல்லைங்கற விஷயமே இந்த போட்டோவைப் பாத்துத்தான் எங்களுக்குத் தெரியும்.

சிரிக்கவே மாட்டாரு தம்பி. கோவமும் பட மாட்டாரு. எங்க ஆபீஸ் ஒரு மாடிமேல. கீழ தையல் மிஷின் ரிப்பேர் கடை. மேல கேஸ் குடுக்க வந்த கட்சிக்காரங்க அழுதுட்டிருப்பாங்க, கீழ கடகடகடன்னு மிஷினை ஓட்டிப் பாத்துட்டிருப்பான். அழறவங்க சத்தமா அழ வேண்டியிருக்கும். சீனியர் அசையாம உட்காந்திருப்பாரு. ஜூனியர் எழுதற மனு சரியில்லைன்னா ஒரு வார்த்தை திட்ட மாட்டாரு. நாலா மடிச்சு, ஆடற மேஜைக்கால் அடியில சொருகிடுவாரு. போன வாரம் கமிட்டியில உட்காந்து பழசெல்லாம் பேசினப்ப ஒட்டகம் பெருமையாச் சொல்லிட்டாரு, என் முதல் மனு மூணு வருஷம் அந்த மேஜையைத் தாங்கிச்சுன்னு. அப்ஜெக்‌ஷன் சொன்னாரு, சீனியர் என்னை ஒரு தடவை கூடப் பாராட்டினதில்லைன்னு. சொல்லிட்டு இடது கையால கண்ணாடியைச் சட்டையில தொடைக்க ஆரம்பிச்சாரு, தொடைச்சுட்டே இருந்தாரு. அந்தக் கண்ணாடியில அவ்வளவு அழுக்கு ஒண்ணும் இல்லை.

இருங்க, ஃபோன். ஹலோ. ஆமா, கடையிலதான் இருக்கேன். முகத்துல கோடு எடுத்துட்டிருக்காரு. கையா? அதுக்கு இன்னும் வரலை. வேலைன்னா ஒண்ணு ஒண்ணாத்தானே ஆகும்? சாப்பிட்டாச்சா? சரி, வைங்க. அப்ஜெக்‌ஷன்தான். கை போயாச்சான்னு கேக்கறாரு. காலையிலேருந்து இது நாலாவது தடவை.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், சீனியர். குடும்பக் கேஸ் மட்டும்தான் எடுப்பாரு. புருஷன் பொண்டாட்டி, அண்ணன் தம்பி, மாமியார் மருமக, இவ்வளவுதான். யாரு வந்தாலும் முதல்ல ஒரு வேலை வைப்பாரு. உன் கதையை அப்புறம் கேக்கறேன், இப்ப நீ எதிர்த்தரப்பா மாறி உன்னைப் பத்திப் பேசுன்னுவாரு. ஒரு அம்மா வந்தாங்க. பதினோரு பக்கம் எழுதிட்டு வந்திருந்தாங்க, எல்லாம் புருஷன் மேல குத்தம். அந்தக் காகிதத்தை வாங்கி ஓரமா வச்சுட்டு, உங்க வீட்டுக்காரரா இருந்து பேசுங்கம்மான்னாரு. அந்தம்மா கொஞ்சம் திருதிருன்னு முழிச்சாங்க. அப்புறம் குரலைக் கட்டையாக்கிட்டு ஆரம்பிச்சாங்க: இவ காலையில கண்ணு முழிக்கறப்ப ஆரம்பிக்கறா சார், நான் பல்லு தேய்க்கற ரூம்ல போய் ஒளிஞ்சுக்கறேன், அங்கயும் கதவுக்கு வெளியில நின்னு பேசறா. சொல்லிட்டே வந்தவங்க நிறுத்திட்டாங்க. அவங்களுக்கே சிரிப்பு வந்துடுச்சு. காகிதத்தை எடுத்துப் பைக்குள்ள வச்சுட்டுக் கிளம்பிட்டாங்க.

எல்லாரும் அப்படி இல்லை. ஒரு கட்டட மேஸ்திரி வந்தாரு, மலை மாதிரி ஆளு. பொண்டாட்டியா இருந்து பேசுங்கன்னா, அரைமணி நேரம் உட்காந்து நகத்துல இருந்த சிமெண்டைச் சுரண்டிட்டிருந்தாரு. அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாது சார்ன்னாரு. அப்ப உங்ககிட்ட இன்னும் கேஸே இல்லை, போய்க் கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பிச்சாரு. அந்த ஆளு அப்புறம் வரவே இல்லை. வேற வக்கீல்கிட்ட போனாரா, வீட்டுக்குப் போனாரா, தெரியாது. எப்பவும் சேத்து வைக்கற ஆளுன்னு நினைச்சுடாதீங்க. பிரிஞ்சே ஆகணும்னு இருந்தா, பழம் நறுக்கற மாதிரி சுத்தமாப் பிரிச்சு விடுவாரு. ஆனா முதல்ல எதிராளி பேசியாகணும்.

எங்களுக்கும் அதே சட்டம்தான். ஜூனியர் யாரா இருந்தாலும், முதல்ல எதிர்த்தரப்போட மனுவை எழுதணும். ஏனோதானோன்னு இல்லை, ஜெயிக்கற மாதிரி. அதுக்கப்புறம்தான் நம்ம மனு. கட்டு கட்டும்போது எதிராளியோடது மேல, நம்மோடது அடியில. சீனியர் மேல இருக்கறதைப் படிப்பாரு. குமாஸ்தா அடியில இருக்கறதை எடுத்து டைப் அடிச்சு கோர்ட்டுல போடுவாரு. அவரு இருந்த வரைக்கும் இந்த வழக்கம்தான், ஒரு தடவை கூட மாறினதில்லை.

ஒரே ஒரு தடவை மாறிச்சு. அன்னிக்கு எடுத்த போட்டோதான் இது.

இடது பக்கம் நிக்கற பொம்பளையா? நான்தான். ஏன் தம்பி, ஸ்கிரீனையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்கறீங்க? இருபத்தி மூணு வருஷம் ஆச்சு, அப்ப ஒல்லியாத்தான் இருந்தேன். தாராளமா வெட்டுங்க, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தக் கொண்டையை லைப்ரரியில மாட்டி வச்சா என்னாலயே உள்ள போக முடியாது. வலது பக்கம் நிக்கறவரு என் வீட்டுக்காரர். ஆமா, அவரு கைதான் அது.

கல்யாண போட்டோவான்னா கேக்கறீங்க? இல்லை தம்பி, விவாகரத்து போட்டோ.

சிரிங்க, சிரிங்க, எல்லாரும் இந்த இடத்துல சிரிப்பாங்க. ரெண்டு பேரும் சீனியர்கிட்ட ஜூனியரா இருந்தோம். பக்கத்து பக்கத்து மேஜை. கல்யாணம் பண்ணிக்கிட்டோம். ஒரு வீட்டுல ஒரு வக்கீல் இருந்தாலே சுவரெல்லாம் காதைப் பொத்திக்கும், ரெண்டு பேரு இருந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. டீயில சர்க்கரை இல்லைன்னா, நேத்து எவ்வளவு போட்டே, முந்தாநாள் எவ்வளவு போட்டே, ஞாபகம் இல்லைங்கறதை நான் ஒத்துக்கிட்டதா எடுத்துக்கலாமான்னு குறுக்கு விசாரணை. நான் மட்டும் என்ன, அடுப்படியில நின்னுட்டே வாய்தா கேப்பேன். அந்தச் சண்டையெல்லாம் நல்லாத்தான் இருந்தது. ஆறாவது வருஷம் சண்டை நின்னு போச்சு. அப்பதான் எனக்கு பயம் வந்தது. ஒரே வீட்டுல ரெண்டு பேரும் சத்தமே இல்லாம நடமாடிட்டிருந்தோம். இதுக்கு மேல முடியாதுன்னு எனக்குத் தோணிச்சு, அவருக்கும் அதே வாரத்துல தோணியிருக்கு. அந்த ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு பேருக்கும் நல்ல ஒத்துமை.

ரெண்டு பேரும் தனித்தனியா சீனியர்கிட்ட போனோம். யாருக்கும் நான் ஆஜராக மாட்டேன்னுட்டாரு. உங்களுக்கே தொழில் தெரியும், நீங்களே எழுதிக்குங்க, ஆனா ஆபீஸ் வழக்கப்படி எழுதுங்கன்னாரு. எழுதினோம். நான் முதல்ல என் புருஷன் சார்பா என் மேல ஒரு மனு, அப்புறம் எனக்காக ஒண்ணு. அவரு முதல்ல என் சார்பா அவரு மேலயே ஒரு மனு, அப்புறம் தனக்காக ஒண்ணு. கட்டைக் கட்டி குமாஸ்தா மேஜையில வச்சுட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வந்துட்டோம். ரெண்டு நாள் கழிச்சு குமாஸ்தா டைப் அடிச்சு எடுத்துட்டு வந்தாரு. கையெழுத்து கேட்டாரு, போட்டோம். படிச்சோமான்னு கேக்காதீங்க. படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்கன்னு ஊருக்கே புத்தி சொல்றவங்க நாங்க. அன்னிக்கு இருந்த கோவத்துல ரெண்டு பேரும் படிக்கலை.

கோர்ட்டுல ஜட்ஜம்மா முதல்ல புருஷன் மனுவை எடுத்தாங்க. ஒரு பக்கம் மனசுக்குள்ள படிச்சாங்க, அப்புறம் என்ன தோணிச்சோ, சத்தமாப் படிச்சாங்க. மனுதாரர் பேசத் தெரியாதவர் அல்ல. அவர் ஆரம்பிக்கும் எல்லா வாக்கியத்தையும் மனைவியே முடித்துவிடுகிறார். ஆறு வருஷமாக அந்த வீட்டில் அவர் ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாகச் சொன்னதில்லை. நான் பெஞ்சை விட்டு எழுந்துட்டேன் தம்பி. அது நான் எழுதினது. வரிக்கு வரி என்னோடது. எனக்கு எதிரா ஜெயிக்கற மாதிரி நானே எழுதினது! திரும்பிப் பாக்கறேன், இவரு வாயைப் பொளந்துட்டு என்னையே பாக்கறாரு.

அப்புறம் என் மனு. மனைவி தினமும் சாயங்காலம் புத்தகம் படித்துக்கொண்டிருப்பார். கணவர் படியேறி வரும் சத்தம் கேட்டதும் புத்தகத்தை மூடி வைப்பார். கணவர் வந்து உட்கார்ந்து பேப்பரைத் திறந்துகொள்வார். மனைவி திரும்பப் புத்தகத்தைத் திறப்பதில்லை. மூடின புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை தம்பி. எங்க அம்மாகிட்ட கூடச் சொன்னதில்லை. அந்த மனுஷன் பேப்பருக்குப் பின்னாடி உட்காந்துட்டு எல்லாத்தையும் பாத்திருக்காரு. எனக்கு அழுகை வரலை, அப்படி ஒரு கோவம் வந்தது. தெரிஞ்சுட்டே இருந்தீங்களான்னு கோர்ட்டுன்னும் பாக்காம கத்திட்டேன்.

ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழட்டிட்டாங்க. இதை எழுதினது யாருன்னாங்க. புருஷன் மனுவுக்கு நான் கையைத் தூக்கினேன், என் மனுவுக்கு இவரு கையைத் தூக்கினாரு. அப்ப இந்தக் கேஸ்ல யாரு யார் மேல வழக்குப் போட்டிருக்கீங்கன்னாங்க. கூட்டம் கொல்லுன்னு சிரிச்சிடுச்சு. குமாஸ்தாவைக் கூப்பிட்டுக் கேட்டா, பாவம், கையும் ஓடலை காலும் ஓடலை. அம்மா, எப்பவும் எதிராளியோடதை விட்டுட்டு நம்ம ஆளோடதை எடுப்பேன், இதுல ரெண்டு பேருமே நம்ம ஆளுங்க, எது எதிராளியோடதுன்னு எனக்குப் புரியலை, அதான் மேல இருந்ததை எடுத்துட்டேன்னாரு.

சீனியர் சொல்லிக் குடுத்தாரான்னா கேக்கறீங்க? நாங்களும் கேட்டுப் பாத்தோம். குமாஸ்தா கண் மேல சத்தியம் பண்ணாரு, நானாப் பண்ணதுதான்னு. அதுக்கு மேல என்னத்தைக் கேக்கறது?

மத்தியானம் வாங்க, உங்க மனுவை முதல்ல நீங்க படிச்சுட்டு வாங்கன்னு ஜட்ஜம்மா அனுப்பிச்சாங்க. வெளியில வந்தோம். கோர்ட்டு வாசல்ல, விண்ணப்பத்துக்கு ஒட்டற போட்டோ எடுக்கறவரு ஒருத்தர் இருப்பாரு. சீனியர் வந்தாரு. படியில நின்னாரு. சிரிக்க ஆரம்பிச்சாரு. நாங்க யாரும் அதுவரைக்கும் அதைப் பாத்ததே இல்லை. அந்தப் போட்டோக்காரரும் பாத்ததில்லை போல, அவராவே எடுத்துட்டாரு.

கை எப்படித் தோளுக்குப் போச்சுன்னா, எங்க வீட்டுக்காரருக்குக் கால் நிக்கலை. சீனியரைத் தொடறதுன்னா எங்களுக்கெல்லாம் உதறல். அவருக்குக் கை குடுக்கக்கூட யோசிப்போம். இவரு விழப்போனவரு எட்டிப் பிடிச்சுட்டாரு, அவ்வளவுதான். சீனியரும் தட்டி விடலை. நல்லாப் பெரிசு பண்ணிப் பாருங்க, விரல் எப்படி அழுந்தியிருக்கு! கோட்டு கசங்கியிருக்கு பாருங்க.

மத்தியானம் போனீங்களான்னா? இல்லை. வாய்தா போட்டாங்க. அந்த வாய்தாவுக்கும் போகலை. யாரும் ஆஜராகலைன்னு ரெண்டு மனுவும் தள்ளுபடி ஆயிடுச்சு. ஆக, இருபத்தி மூணு வருஷமா நாங்க சேந்து குடும்பம் நடத்தறது சட்டப்படி பாத்தா, வக்கீல் வரலைங்கற ஒரே காரணத்துனாலதான்.

ஃபோன் அடிக்கட்டும், விடுங்க. அவருதான்.

அதானே, இதுல அப்ஜெக்‌ஷனுக்கு என்ன வந்தது, யாரோ ஒருத்தர் கை இருந்தா இருந்துட்டுப் போகட்டுமேன்னுதானே கேக்கறீங்க? கமிட்டியில அவரு சொன்ன காரணம் மரியாதை. சீனியர் தோள்ல கை போட்டுட்டு நிக்கற மாதிரி ஒரு படம் மாட்டினா அவரோட கௌரவம் என்ன ஆகறதுன்னு. ஒட்டகமும் ஆமாம் ஆமாம்னு அந்தக் கழுத்தை ஆட்டிட்டாரு. எனக்கு அது காரணம் இல்லைன்னு தெரியும். கமிட்டியில அதைச் சொல்லலை. எப்படிச் சொல்றது, புருஷனைப் பத்தி இன்னொருத்தர் முன்னாடி?

அட, சொல்லலையா? அப்ஜெக்‌ஷன்தான் தம்பி எங்க வீட்டுக்காரர்.

போன வருஷம் ஒரு நாள் காலையில கோர்ட்டுக்குக் கிளம்பிட்டிருந்தாரு. சட்டைக்குப் பொத்தான் போட்டுட்டிருந்த வலது கை பாதியில நின்னுடுச்சு. நரம்புன்னாங்க. பேச்சு குழறிச்சு, சரியாயிடுச்சு. நடை தடுமாறிச்சு, அதுவும் சரியாயிடுச்சு. கை மட்டும் வரலை. இப்ப பொத்தான் நான்தான் போட்டு விடறேன். போடறப்ப சுவரைப் பாத்துட்டு நிப்பாரு. அன்னிக்கு கமிட்டியில இந்தப் போட்டோவை மேஜையில வச்சோமா, ஒட்டகம் சீனியரைப் பாத்தாரு, நான் என் கொண்டையைப் பாத்தேன். இவரு அந்தக் கையைப் பாத்தாரு. பாத்துட்டே இருந்தாரு. அப்புறம் இதை எடுத்துடலாம்ன்னாரு.

அவருக்கு அதைப் பாக்கறது கஷ்டமாத்தான் இருக்கும், எனக்குப் புரியாம இல்லை. ஆனா எனக்கு அது வேணும் தம்பி. அந்தக் கை ஒழுங்கா இருந்த காலத்துல அதை யாரு போட்டோ எடுத்து வச்சாங்க? முகத்தை எடுப்பாங்க, கையையா எடுப்பாங்க? ஒருத்தரை இவ்வளவு இறுக்கிப் பிடிச்சுட்டு இருக்கற மாதிரி வேற ஒரு படம் எங்க வீட்டுல கிடையாது.

அதனால நீங்க என்ன பண்றீங்க, என்னை வெட்டிடுங்க, அவரை வெட்டிடுங்க. மணிக்கட்டோட நிறுத்திக்குங்க. கை இருக்கட்டும்.

திரும்ப அடிக்கறாரு பாருங்க. இந்தாங்க, நீங்க எடுங்க. கையோட சேத்து பிரிண்ட் போட்டாச்சு, பிரேமும் போட்டாச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிடுங்க. பொய்தான், பரவாயில்லை. நான் சொன்னா குரல்லயே கண்டுபிடிச்சுடுவாரு.